நாடகம் போடுறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்: உரிமை, ஒப்பந்தம், கணக்கு

புதுசா நாடகம் தயாரிக்க வர்றவங்க கேக்குறதுல முக்கால்வாசி ஒரே கேள்விகள்தான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுடுறேன். நான் வக்கீல் இல்ல, தயாரிப்பு பக்கம் உக்காந்து அக்ரிமென்ட், லைசென்ஸ், வசூல் கணக்குன்னு பல வருஷமா பேப்பர் வேலை பாத்தவன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால கையெழுத்து போடுற அன்னிக்கு உங்க ஊர் வக்கீல் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். ஆனா எந்த பேப்பரை கையில எடுத்தாலும் நான் தேடுறது ரெண்டே விஷயம்தான்: இது யாரோடது, நஷ்டம் வந்தா யார் தலையில விழும். இந்த ரெண்டுக்கும் அந்த பேப்பர்ல பதில் இல்லன்னா கையெழுத்து போடாதீங்க.

நாடக புத்தகத்தை காசு குடுத்து வாங்கிட்டேன். மேடையேத்தலாமா?

முடியாது. புத்தகம் வாங்குனா படிக்கிறதுக்குத்தான் வாங்குனீங்க, ஆளுங்க முன்னாடி நடத்திக் காட்டுற உரிமை தனி, அதை எழுதுனவர்கிட்டயோ அவர் வாரிசுகிட்டயோ, அவங்களுக்காக லைசென்ஸ் குடுக்குற கம்பெனிகிட்டயோ எழுத்துல வாங்கணும். டிக்கெட் போடல, சேரிட்டிக்குத்தான் பண்றோம்னு சொன்னா விட்டுடுவாங்கன்னு நிறைய பேர் நம்புறாங்க, பெரும்பாலான நாடுகள்ல அது உண்மை இல்ல, பொதுமக்கள் முன்னாடி நடந்தாலே அது பொது நிகழ்ச்சிதான்.

எங்க குழு ஆரம்ப காலத்துல இதை தெரியாம மாட்டிக்கிட்டோம். செட் ரெடி, ட்ரெஸ் தைச்சாச்சு, ஷோவுக்கு 9 நாள் இருக்கும்போது ஒரு கடிதம் வந்துச்சு, இதே நாடகத்தோட உரிமையை இதே சீசனுக்கு வேற ஒரு குழுவுக்கு குடுத்துட்டோம், நீங்க நிறுத்தணும்னு. ஒரு சின்னப் பையன் முதல்தடவையா மேடை ஏறப் போறான், அவன்கிட்ட போய் ஷோ இல்லடான்னு சொன்னது எனக்கு இன்னும் நெஞ்சுல இருக்கு. அதனால சொல்றேன், நடிகர் தேர்வுக்கு முன்னாடியே அனுமதி கேளுங்க. எத்தனை ஷோ, எந்த ஹால், எத்தனை சீட், டிக்கெட் என்ன விலை, எந்தெந்த தேதி, இதெல்லாம் கேப்பாங்க, பதிலை கையில வச்சுக்கிட்டு எழுதுங்க.

இந்த உரிமைக்காக எழுத்தாளர்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்ல. 1777-ல பிரான்ஸ்ல போமார்ஷேங்கற நாடக ஆசிரியர் மத்த ஆசிரியர்களை ஒண்ணு சேத்து நாடக கம்பெனிக்காரங்ககிட்ட சண்டை போட்டதுல இருந்து ஆரம்பிச்சு, 1791-லதான் அந்த நாட்டு சட்டம் நிகழ்த்துற உரிமை எழுதுனவனுக்குன்னு ஒத்துக்கிச்சு. இங்கிலாந்து எழுத்தாளர் கில்பர்ட்டும் இசையமைப்பாளர் சல்லிவனும் 1878-ல லண்டன்ல ஒரு இசை நாடகம் போட்டாங்க, அது பெரிய ஹிட், ஆனா அமெரிக்காவுல வெளிநாட்டு ஆசிரியருக்கு அப்ப பாதுகாப்பு கிடையாது, அங்க ஏகப்பட்ட கம்பெனிங்க பைசா குடுக்காம அதை ஓட்டுனாங்க. அடுத்த நாடகத்துக்கு உஷாராகி 1879 டிசம்பர் 31-ஆம் தேதி நேரா நியூயார்க்லயே முதல் ஷோ போட்டாங்க, இங்கிலாந்து உரிமையை காப்பாத்த அதுக்கு முதல் நாள் பேய்ன்டன்ங்கற சின்ன ஊர்ல பேருக்கு ஒரு ஷோ.

பழைய நாடகம்னா இலவசம்தானே?

எவ்வளவு பழசு, எந்த நாட்டுல போடுறீங்க, இந்த ரெண்டையும் பாக்கணும். 1886-ல கையெழுத்தான பெர்ன் ஒப்பந்தம்தான், அதாவது காப்பிரைட்டுக்காக பல நாடுகள் சேந்து போட்ட ஒப்பந்தம்தான் அடிப்படை, அதுபடி எழுதுனவர் இறந்து குறைஞ்சது 50 வருஷம் பாதுகாப்பு. இந்தியாவுல 60, ஐரோப்பிய யூனியன் நாடுகள்லயும் பிரிட்டன்லயும் 70. உதாரணத்துக்கு ஜெர்மன் நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1956-ல இறந்தார், 60 வருஷ கணக்குல 2016 கடைசியோட அவர் நாடகங்கள் பொதுச்சொத்து, 70 வருஷ கணக்குல 2026 டிசம்பர் 31 வரைக்கும் உரிமை உயிரோட இருக்கு. அமெரிக்காவுல பழைய புத்தகங்களுக்கு வெளியான வருஷத்துல இருந்து 95 வருஷம்னு வேற கணக்கு. ஒரே நாடகம், பார்டர் தாண்டுனா நிலைமை மாறிடும், டூர் போறவங்க இதை முக்கியமா பாக்கணும்.

இன்னொரு பள்ளம் மொழிபெயர்ப்பு. ரஷ்ய நாடக ஆசிரியர் செகாவ் இறந்தது 1904, நார்வேக்காரர் இப்சன் 1906, மூலம் யாரு வேணா எடுக்கலாம், ஆனா நீங்க கையில வச்சிருக்குற மொழிபெயர்ப்பு 15 வருஷம் முன்னாடி ஒருத்தர் பண்ணதுன்னா அது அவரோடது, தனியா அனுமதி வாங்கணும். இல்லன்னா மூலம் தெரிஞ்ச ஒருத்தரை வச்சு புதுசா மொழிபெயர்த்துக்கோங்க.

நாவல்ல இருந்து கதைக்கரு மட்டும் எடுத்தா?

கருவுக்கு காப்பிரைட் இல்ல, அதை சொன்ன விதத்துக்குத்தான். அண்ணன் தம்பி சொத்துச் சண்டைங்கறது யாரோடதும் இல்ல. ஆனா அதே பாத்திரங்கள், அதே சம்பவ வரிசை, அதே திருப்பம்னு போனா அது தழுவல், அனுமதி வேணும். உயிரோட இருக்குறவங்களைப் பத்தி எழுதுனா அவதூறு, தனிமனித அந்தரங்கம்னு வேற பிரச்சினை வரும், பேரை மாத்துனா மட்டும் போதாது, பாக்குறவங்களுக்கு யாருன்னு புரிஞ்சா வழக்கு போடலாம்.

வசனத்தை கொஞ்சம் வெட்டலாமா? ஆண் வேஷத்தை பெண்கள் பண்ணலாமா?

லைசென்ஸ்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் ஒரு வரி கூட மாத்தக்கூடாதுன்னுதான் இருக்கும், கெட்ட வார்த்தையை எடுக்குறதுக்கு கூட கேக்கணும். காசு குடுத்துட்டோமேங்கறது பதில் ஆகாது, ஏன்னா 1928-ல பெர்ன் ஒப்பந்தத்துல சேத்த தார்மீக உரிமைன்னு ஒண்ணு இருக்கு, தன் படைப்பை சிதைச்சா எதுக்குறதுக்கு எழுதுனவருக்கு உரிமை உண்டு.

இதுல அயர்லாந்து நாடக ஆசிரியர் சாமுவேல் பெக்கெட் விவகாரம்தான் எல்லாரும் படிக்க வேண்டியது. "வெயிட்டிங் ஃபார் கோடோ"வுல பெண்களை நடிக்க வச்சதை எதுத்து 1988-ல நெதர்லாந்துல வழக்கு, கோர்ட்டு குழு பக்கம் நின்னுச்சு, வசனத்தை அப்படியே பேசுனதால நாடகம் சிதையலன்னு. பெக்கெட் கோவத்துல அந்த நாட்டுல தன் நாடகத்துக்கு அனுமதியே குடுக்க மாட்டேன்னுட்டார். அவர் இறந்ததுக்கு அப்புறம் 1992-ல அதே நாடகம், அதே கேள்வி, பாரிஸ் கோர்ட்டு எழுதுனவர் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. அதனால கோர்ட்டுல பாத்துக்கலாம்னு போகாதீங்க, முன்னாடியே எழுதி கேளுங்க. என் அனுபவத்துல நல்ல காரணம் சொல்லி மரியாதையா கேட்டா பாதிக்கு மேல சரின்னுதான் பதில் வந்திருக்கு.

நாங்க எல்லாரும் சேந்து ஒத்திகையில உருவாக்குனோம். ஆசிரியர் யாரு?

குழு உடையுறதுக்கு பணத்தை விட பெரிய காரணம் இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஒருத்தர் சீன் எழுதிட்டு வருவார், நடிகை ஒரு வரியை மாத்தி சொல்லுவாங்க, அது நல்லா இருக்கும், டைரக்டர் முடிவை மாத்துவார், ரெண்டு மாசத்துல யாரு எதை எழுதுனாங்கன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. நாடகம் ஓடலன்னா யாரும் கேக்க மாட்டாங்க. ஓடிடுச்சுன்னாதான் சண்டை.

"ரென்ட்"னு ஒரு அமெரிக்க இசை நாடகம், அதை எழுதுன ஜோனதன் லார்சன் 1996 ஜனவரியில முதல் ப்ரிவ்யூ (முறைப்படி திறக்குறதுக்கு முன்னாடி ஆளுங்களுக்குக் காட்டுற ஷோ) நடக்க வேண்டிய நாள் காலையிலேயே இறந்துட்டார். நாடகம் நியூயார்க்ல பெரிய தியேட்டர்கள் இருக்குற பிராட்வேக்கு போய் பயங்கரமா ஓடுச்சு. ஸ்கிரிப்டை சீரமைக்க அவர்கூட மாசக்கணக்குல உக்காந்து வேலை செஞ்ச நாடக ஆலோசகர், நானும் இணை ஆசிரியர்தான், எழுத்தாளருக்கு வர்ற ராயல்டியில (வசூல்ல இருந்து போற பங்கு) 16 சதவீதம் வேணும்னு வழக்கு போட்டாங்க. 1998-ல அப்பீல் கோர்ட்டு என்ன சொல்லிச்சுன்னா, அவங்க பங்களிப்பு இருந்தது உண்மை, ஆனா இணை ஆசிரியர் ஆகணும்னா ரெண்டு பேருக்கும் அந்த எண்ணம் இருந்திருக்கணும், லார்சனுக்கு அப்படி எண்ணம் இருந்ததா தெரியல. அவங்க ஆரம்பத்துல போட்ட ஒப்பந்தத்துல இதைப் பத்தி தெளிவா ஒரு பாரா இருந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது.

நாங்க முதல் ஒத்திகை அன்னிக்கே ஒரு பக்கத்துக்கு எழுதுவோம். ஸ்கிரிப்ட் யாரு பேருல இருக்கும், ஒத்திகையில வர்ற வரிகள் யாருக்குச் சேரும், புத்தகமா போட்டா யார் யார் பேரு எந்த வரிசையில, படமா எடுத்தா பங்கு எப்படி, நடுவுல ஒருத்தர் விலகுனா அவர் எழுதுனதை மத்தவங்க வச்சுக்கலாமா. எல்லாரும் சந்தோஷமா டீ குடிச்சுக்கிட்டு இருக்குற நேரத்துல இதை எழுதிடணும், முகம் திரும்புனதுக்கு அப்புறம் எழுத முடியாது.

ஆப்ஷன்னு சொல்றாங்களே, அது என்ன?

புது நாடகத்தை தயாரிக்க நினைக்குறீங்க, ஆனா பணம் இன்னும் சேரல. அதுவரைக்கும் எழுத்தாளர் வேற யாருக்கும் குடுக்காம வச்சிருக்கணும். அதுக்கு ஒரு தொகை குடுத்து, பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு, தனி உரிமை வாங்கி வச்சுக்குறதுதான் ஆப்ஷன். அதுக்குள்ள ஷோ போடலன்னா உரிமை அவருக்கே திரும்பிடும், குடுத்த காசு திரும்பாது. கூட காசு குடுத்து நீட்டிக்கிறதுக்கும் வழி வைப்பாங்க. எழுத்தாளரா இருக்குறவங்க இந்த காலக்கெடு இல்லாத பேப்பர்ல மட்டும் கையெழுத்து போட்டுடாதீங்க, உங்க நாடகம் யாரோ ஒருத்தர் அலமாரியில தூங்கும்.

முதல்ல ரிஸ்க் எடுத்த தயாரிப்பாளருக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கை ஷோ ஓட்டிட்டா, அந்த நாடகத்துல பின்னாடி எழுத்தாளருக்கு வர்ற சினிமா, வெளியூர் உரிமை பணத்துல சில வருஷத்துக்கு ஒரு பங்கு உண்டுன்னு வைக்கிறதும் வழக்கம், அது நியாயமும் கூட. ஒப்பந்தத்துல ஒரு வரி எவ்வளவு தூரம் போகும்னு பாக்கணும்னா அகதா கிறிஸ்டி எழுதுன "மவுஸ்ட்ராப்"ங்கற மர்ம நாடகத்தை பாருங்க. 1952-ல லண்டன்ல ஆரம்பிச்சது. 1956-ல சினிமா உரிமையை வித்தாங்க, ஆனா நாடகம் முடிஞ்சு 6 மாசம் கழிச்சுத்தான் படம் எடுக்கணும்னு கண்டிஷன். 2020-ல கொரோனாவுக்காக நிறுத்தி மறுபடி ஆரம்பிச்ச நாடகம் அது, முடியவே இல்ல, அதனால வாங்குனவங்க காத்துக்கிட்டே இருந்தாங்க.

சினிமா பாட்டு ஒண்ணை சீனுக்கு நடுவுல போடலாமா? ஹால்காரங்க மியூசிக் லைசென்ஸ் இருக்குன்னு சொல்றாங்க.

அந்த லைசென்ஸ் பொதுவா இடைவேளையில, ஜனங்க வர்றப்ப போடுற பாட்டுக்குத்தான். பாட்டு கதையோட பாகமா வந்தா, பாத்திரம் பாடுனாலோ ஆடுனாலோ, அது நாடக உபயோகம், அதுக்கு உரிமைக்காரர்கிட்ட நேரா போகணும். ரெக்கார்டிங்கை அப்படியே போட்டா பாட்டெழுதி இசையமைச்சவங்க உரிமை ஒண்ணு, அந்த ஒலிப்பதிவோட உரிமை இன்னொண்ணு. என் யோசனை, நல்ல இசையமைப்பாளர் ஒருத்தரை பிடிச்சு 2 நிமிஷ இசை புதுசா பண்ணிக்கோங்க, அது உங்க நாடகத்துக்கே அளவெடுத்த மாதிரி இருக்கும், ஆனா அவர்கிட்டயும் எழுதி வாங்கிக்கணும்.

ஹவுஸ்ஃபுல்லா போகுது, ஆனா கையில காசு நிக்கலயே ஏன்?

ஏன்னா முதல் செலவும் ஓட்டுற செலவும் வேற வேறன்னு யாரும் பிரிச்சுப் பாக்குறதில்ல. செட், உடை, ஒத்திகை சம்பளம், விளம்பரம் இதெல்லாம் திரை ஏறுறதுக்கு முன்னாடி போற காசு. ஹால் வாடகை, நடிகர் சம்பளம், லைட், டிரான்ஸ்போர்ட் இது ஒவ்வொரு வாரமும் போறது.

சும்மா எண்ணா வச்சு பாருங்க. முதல் செலவு 300. வாரம் ஓட்ட 40. எல்லா சீட்டும் வித்தா வாரம் 80 வசூல். எழுத்தாளர், டைரக்டர் எல்லாருக்கும் சேத்து மொத்த வசூல்ல 10 சதவீதம் ராயல்டி. பாதி சீட் வித்தா 40 வருது, செலவும் 40, சரியா போச்சுன்னு தோணும், ஆனா ராயல்டி 4 போகணும், அந்த வாரம் 4 நஷ்டம். 65 சதவீதம் வித்தா 52 வசூல், ராயல்டியும் செலவும் போக 6.8 மிச்சம், போட்ட 300 திரும்ப 44 வாரத்துக்கு மேல ஆகும். 80 சதவீதம் வித்தா மிச்சம் 17.6, அதே 300 சுமார் 17 வாரத்துல திரும்பிடும். 15 சதவீத சீட்டுதான் வித்தியாசம், காலம் பாதிக்கும் கீழ குறையுது. ஒத்திகை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இந்த கணக்கை போடணும், 55, 56 சதவீதத்துக்கு கீழ போனா கைக்காசுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும்.

இதனாலதான் பெரிய தயாரிப்புகள்ல ராயல்டி பூல்னு ஒரு முறை வந்துச்சு, மொத்த வசூல்ல சதவீதம் எடுக்காம, அந்த வார லாபத்துல இருந்து எல்லாரும் பங்கு எடுத்துக்குவாங்க, மோசமான வாரத்துல குறைஞ்சபட்ச தொகை மட்டும். ஒப்பந்தத்துல "வசூல்"னு ஒரு வார்த்தை இருந்தா அது வரிக்கு முன்னாடியா பின்னாடியா, டிக்கெட் ஆப் கமிஷன் கழிச்சா கழிக்காமலான்னு அதுலயே எழுதிடுங்க. "லாபத்துல பங்கு"ன்னு மட்டும் சொன்னா அந்த லாபம் வரவே வராது.

தெரிஞ்சவங்ககிட்ட பணம் வாங்கி போடலாமா?

வாங்கலாம், ஆனா அது கடனா, முதலீடா, நன்கொடையான்னு முதல் நாளே பிரிச்சுடுங்க. கடன்னா நாடகம் ஊத்திக்கிட்டாலும் திருப்பித் தரணும். முதலீடுன்னா நஷ்டத்துல அவருக்கும் பங்கு. பிராட்வேயில பழைய வழக்கம் என்னன்னா, வர்ற லாபம் எல்லாம் முதல்ல முதலீட்டாளருக்கு போகும், போட்ட முழு காசும் திரும்புனதுக்கு அப்புறம் வர்ற லாபத்தை முதலீட்டாளர் பாதி, தயாரிப்பாளர் பாதின்னு பிரிச்சுக்குவாங்க. அங்க கூட பெரும்பாலான ஷோக்கள் போட்ட காசை எடுக்குறதில்ல. "ஸ்பைடர்மேன்" இசை நாடகத்துக்கு சுமார் 7.5 கோடி டாலர் செலவு பண்ணாங்க, 2014 ஜனவரியில மூடுனப்ப போட்ட காசு திரும்பல. அவ்வளவு பெரிய பேருக்கே இந்த நிலைன்னா, மாமாவோட ரிட்டயர்மென்ட் பணத்தை வாங்காதீங்க, இதை கெஞ்சிக் கேட்டுக்குறேன். இழந்தா தூக்கம் போகாத பணத்தை மட்டும் வாங்குங்க.

பொதுவுல விளம்பரம் போட்டு, இவ்வளவு போடுங்க இவ்வளவு வரும்னு சொன்னா பல நாடுகள்ல அது பங்கு விக்கிற மாதிரி, அதுக்கு தனி சட்டம் இருக்கு. வக்கீல்கிட்ட கேக்காம அதை பண்ணவே கூடாது. அதோட உங்க சொந்த பேருல நடத்தாம, பொறுப்பு வரம்போட ஒரு நிறுவனமா பதிவு பண்ணுங்க, இல்லன்னா நாடகத்தோட கடன் உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கும்.

நடிகர்கள் எல்லாம் ஃப்ரெண்ட்ஸ்தான். ஒப்பந்தம் வேணுமா?

ஃப்ரெண்ட்ஸ்ங்கறதாலதான் வேணும். ஒத்திகை எத்தனை நாள், எத்தனை மணி நேரம், சம்பளமா பங்கா, ஊருக்கு போக வர யாரு செலவு, ஷோ கேன்சல் ஆனா என்ன. 1919-ல அமெரிக்க நடிகர்கள் ஒரு மாசம் ஸ்ட்ரைக் பண்ணது இதுக்குத்தான், வாரக்கணக்குல ஒத்திகைக்கு சம்பளமே கிடையாது, டூர் நடுவுல கம்பெனி மூடுனா சொந்த காசுல வீடு திரும்பணும். சம்பளம் குடுக்க முடியலன்னா முடியலன்னு முன்னாடியே சொல்லுங்க, அதை புரிஞ்சுக்கிட்டு வர்றவங்க வரட்டும். "பாத்து பண்ணிக்கலாம்"னு சொல்லாதீங்க. குழந்தைங்க நடிச்சா வேலை நேரம், அனுமதி எல்லாத்துக்கும் தனி விதி உண்டு.

ஹால் ஒப்பந்தத்துல எதை பாக்கணும்?

வாடகை மட்டுமா, வசூல்ல பங்கும் உண்டா, லைட்டும் ஆபரேட்டரும் அதுல சேந்ததா, செட் போட எத்தனை மணிக்கு உள்ள விடுவாங்க, ஷோ நீண்டா மணிக்கு எவ்வளவு. நீண்ட நாள் ஓட்டுற இடம்னா, தொடர்ந்து ரெண்டு வாரம் வசூல் ஒரு அளவுக்கு கீழ போனா காலி பண்ணச் சொல்லலாம்னு ஒரு ஷரத்து இருக்கும், அந்த அளவு என்னன்னு பாருங்க.

ஷோ முடிஞ்ச ராத்திரியே கணக்கு முடிக்கணும். ஒரு ஹால்ல 412 சீட். கவுன்டர்ல குடுத்த தாள்ல வித்தது 287, விக்காதது 79னு இருந்துச்சு, கூட்டுனா 366தான் வருது. மிச்ச 46 எங்கன்னு கேட்டா பாஸ்னு சொன்னாங்க. நாங்க கையெழுத்து போட்டு குடுத்த பாஸ் 20. மீதி 26 சீட்டை ஹால் தரப்புலயே யாருக்கோ குடுத்திருக்காங்க, ஒப்பந்தத்துல அவங்களுக்கு எத்தனைன்னு நாங்க எழுதலை, அதனால ஒண்ணும் கேக்க முடியல. வித்தது, பாஸ், மிச்சம் மூணும் கூடி மொத்த சீட்டுக்கு சமமா வரணும், பாஸ் ரெண்டு பக்கமும் எத்தனைன்னு பேப்பர்ல இருக்கணும்.

இன்சூரன்ஸ், பாதுகாப்பு எல்லாம் சின்ன குழுவுக்கு தேவையா?

தேவை. 1903 டிசம்பர் 30, சிகாகோவுல இரோகுவாய் தியேட்டர், தீயே பிடிக்காதுன்னு விளம்பரம் பண்ண புது கட்டடம், மத்தியான ஷோ, நிறைய குழந்தைங்க. லைட்ல இருந்து திரையில தீ பிடிச்சுது, பாதுகாப்பு திரை பாதியில சிக்கிக்கிச்சு, வெளிய போற கதவுங்க பல பூட்டியிருந்துச்சு. 602 பேர் செத்தாங்க. தள்ளுனா திறக்குற கம்பி வச்ச கதவு பரவுனது அதுக்கு அப்புறம்தான். ஷோவுக்கு முன்னாடி நீங்களே நடந்து போய் ஒவ்வொரு வெளிக் கதவையும் தள்ளிப் பாருங்க, நாற்காலி போட்டு அடைச்சிருந்தா எடுங்க. வேற யாரையும் அனுப்பாதீங்க.

இன்சூரன்ஸ்ல முதல்ல பாக்க வேண்டியது பார்வையாளருக்கு அடிபட்டா வர்ற பொறுப்பு, அப்புறம் வேலை பாக்குறவங்களுக்கு, அப்புறம் ஷோ ரத்து. 2020-ல ரத்து பாலிசி வச்சிருந்த பல பேருக்கு தொற்று நோய்க்கு கிடையாதுன்னு பதில் வந்துச்சு, அதனால எது எதுக்கு கிடையாதுங்கற பக்கத்தைத்தான் முதல்ல படிக்கணும். அரசு மூடுனா, வெள்ளம் வந்தா, முக்கிய நடிகர் ஆஸ்பத்திரியில இருந்தா ஹால் அட்வான்ஸ் திரும்புமா, தேதி மாத்தித் தருவாங்களா, இதை ஹால் ஒப்பந்தத்துலயும் எழுதுங்க.

வீடியோ எடுத்து யூடியூப்ல போடலாமா?

மேடை உரிமையில அது வராது. எழுத்தாளர், இசையமைப்பாளர், நடிகர்கள்னு எல்லார்கிட்டயும் தனியா வாங்கணும். விளம்பரத்துக்கு 1 நிமிஷ க்ளிப் போடுறதா இருந்தாலும் லைசென்ஸ் கேக்கும்போதே சேத்து கேட்டுடுங்க.

வாட்ஸ்அப்ல ஓகே சொன்னா போதுமா?

ஒண்ணும் இல்லாததுக்கு அது பரவாயில்ல, பல இடங்கள்ல சாட்சியாவும் எடுத்துக்குவாங்க. ஆனா உரிமையையே முழுசா மாத்திக் குடுக்குறது, தனி உரிமை குடுக்குறது இதெல்லாம் கையெழுத்து போட்ட எழுத்துல இருக்கணும்னு பல நாட்டு சட்டம் சொல்லுது.

குழு கலைஞ்சா பேரு யாருக்கு?

இதை யாரும் ஆரம்பத்துல கேக்குறதில்ல, கேக்கவே கஷ்டமா இருக்கும், கல்யாண வீட்டுல சாவைப் பத்தி பேசுற மாதிரி. ஆனாலும் குழுவோட பேரு, ஃபேஸ்புக் பக்கத்தோட பாஸ்வேர்டு, பேங்க் கணக்குல யாரு கையெழுத்து, செட்டும் உடையும் வச்சிருக்குற அறையோட சாவி, இது நாலும் யார்கிட்ட, விலகுறவர் என்ன எடுத்துட்டுப் போகலாம்னு அதே ஒரு பக்க பேப்பர்ல கீழ எழுதிடுங்க. எங்க பேப்பர்ல சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கணும்னு போட்டிருக்கோம், அதுல ஒருத்தர் எப்பவும் நடிகரா இருக்கணும்னும்.